மாடியில் நடப்பது டியூஷன் இல்லை



போன வாரம் நம்ம 2009 பேட்ச் பையன் ஒருவன் எங்கள் வீட்டு மொட்டை மாடியைப் போட்டோ எடுத்து, "ரிட்டயர்ட் ஆகியும் மிஸ் டியூஷன் எடுக்கிறாங்க" என்று போட்டுவிட்டான். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. மாதம் எவ்வளவு என்று கேட்டவர்கள் ஐந்து பேர். "இந்த வயசுல எதுக்கு அண்ணி இழுத்து விட்டுக்கிறீங்க" என்று மதுரையிலிருந்து நாத்தனார். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்று. நான் பாடம் எடுப்பதில்லை, காசும் வாங்குவதில்லை. மாடியும் ட்யூப் லைட்டும் கேன் தண்ணீரும் என்னுடையவை. மற்றதெல்லாம் பிள்ளைகளுடையது.

காலடிப்பேட்டையில் எங்கள் மாடி எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் துணிக்கொடி. காற்று திரும்பினால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் வரும். சனி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லோரும் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். எர்ணாவூர், கத்திவாக்கம், தண்டையார்பேட்டை, காசிமேடு என்று நாலா பக்கமும் இருந்து வருகிறார்கள். பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரி. ஒருவர் சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்கை எழுதிச் சொல்வார், மற்றவர்கள் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். தொட்டி ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. 31 வருஷம் பேசியே சம்பளம் வாங்கினவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது தொடங்கினது 2018 ஆரம்பத்தில். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நம்ம பழைய மாணவன் ஒருவன் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தான். (பேர் போட வேண்டாம் என்று இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள்.) அவன் ஹார்பரில் கிரேன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், கான்ட்ராக்ட் வேலை. பொண்ணு பிளஸ் டூவில் தமிழ் மீடியம், கணக்கில் நல்ல மார்க். கவுன்சலிங்கில் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு காலேஜில் சீட் கிடைத்து, திருவொற்றியூர் ஸ்டேஷனிலிருந்து தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய் வந்துகொண்டிருந்தாள். முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் எம்-ஒன் போய்விட்டது. கணக்கில் அரியர் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. "நான் படிப்பை விட்டுடறேன் மிஸ், அப்பா கடன் வாங்கி ஃபீஸ் கட்டுறாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

நான் விடுவேனா? மறுநாளே கரும்பலகையை மாடிக்கு ஏற்றினேன். அவள் பரீட்சை இங்கிலீஷில்தானே எழுத வேண்டும் என்று நானும் இங்கிலீஷிலேயே ஆரம்பித்தேன். இரண்டு வாரம். பகுதி வகையிடல் பாடம், அதாவது பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன். எத்தனை கணக்கு போட்டேன் தெரியுமா? தலையைத் தலையை ஆட்டுவாள். "புரியுதா?" என்றால் "புரியுது மிஸ்". தனியாகப் போடச் சொன்னால் பேனா நகராது. எனக்கோ கோபம். இந்தப் பொண்ணுக்கு இன்ஜினியரிங் ஒத்துவராது என்றுகூட ஒரு நாள் மனசுக்குள் நினைத்தேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது வாரம் அவளோடு டிரெயினில் போகும் தோழி ஒருத்தி கூட வந்தாள். வேறு பள்ளி, அவளும் தமிழ் மீடியம்தான், ஆனால் எம்-ஒன் பாஸ் பண்ணினவள். நான் காபி போடக் கீழே இறங்கினேன். டம்ளரோடு படியேறும்போது காதில் விழுந்தது இது:

"வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்னா என்னாடி நினைச்சே?"

"ரெஸ்பெக்ட்னா மரியாதை. எக்ஸுக்கு ஏதோ மரியாதை குடுக்கணும்போலன்னு..."

"ஐயே! 'எக்ஸைப் பொறுத்து'டி. பிளஸ் டூல 'எக்ஸைப் பொறுத்து வகையிடுக'ன்னு போட்டோமே, அதேதான். இப்போ எக்ஸ், ஒய் ரெண்டு பேரு கிளாஸ்ல கீறாங்க. எக்ஸை மட்டும் எழுந்து நடக்க விடு. ஒய் பெஞ்ச்லயே உக்காந்துகினு இருக்கட்டும், வெறும் நம்பர் மாதிரி. எக்ஸ் ஸ்கொயர் இன்ட்டு ஒய். எக்ஸ் நடந்தா என்னா வரும்?"

"டூ எக்ஸ் ஒய்."

"ஒய் நடந்தா?"

"எக்ஸ் ஸ்கொயர்... அவ்ளோதானா?"

காபி ஆறும்வரை நான் படியிலேயே நின்றேன். 31 வருஷம் "பொறுத்து" என்று தமிழில் சொல்லிச் சொல்லிக் கணக்கு நடத்தியவள் நான். அந்த ஒரு சொல்லில்தான் அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது என் கண்ணில் படவே இல்லை. "வித் ரெஸ்பெக்ட் டு" யாருக்காவது தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தோழிக்குத் தோன்றியது. ஆறு மாசம் முன்னால் அவளும் அதே சொல்லில் தடுக்கி விழுந்திருக்கிறாள், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கே கரும்பலகையைக் கீழே இறக்கிவிட்டேன். அடுத்த வாரம் நான்கு பேர், ஒரு மாசத்தில் ஏழு பேர்.

இனி போன் விஷயம். "பிள்ளைங்க கையில எந்நேரமும் போன் இருக்கே, நீங்க கண்டிக்க மாட்டீங்களா மிஸ்?" என்று கேட்டவர்களுக்காக இது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்துவிட்டது. ஐ.ஐ.டி. பாடம் அந்தப் போனிலேயே வருகிறது. என்.பி.டெல். என்று பெயர். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003ல் தொடங்கினது. எந்தக் காலேஜ் பிள்ளையும் யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். 2014லிருந்து பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கலாம், அந்தப் பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். என் காலத்தில் கிண்டிக்கு உள்ளே கால் வைத்தவர்களுக்கே கிடைத்த பாடம் இப்போது காசிமேட்டு வலை பின்னும் கொட்டகையில் ஓடுகிறது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பேராசிரியருக்கு நம்ம பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று தெரியாது. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். பிள்ளையும் ஒரு மணி நேர வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டு, படித்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போகும். என் முன்னால் தலையாட்டின அதே தலையாட்டல்தான்.

அதனால் மாடியில் பிள்ளைகளே ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். பத்து நிமிஷம் ஓடட்டும், நிறுத்து. இப்போது ஒருத்தர் எழுந்து அந்தப் பத்து நிமிஷத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், தரையில் எழுதி. யார் எழுவது என்று சீட்டுப் போடுவார்கள். பாதி நேரம் சொல்ல வராது. வராத இடத்தில்தான் அன்றைய படிப்பு ஆரம்பமாகும். பக்கத்தில் இருப்பவர் "நீ ரெண்டாவது வரில என்னா பண்ணே?" என்பார். வீடியோவைத் திரும்ப ஓட்டுவார்கள். சில நாள் பத்து நிமிஷ வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். சொல்பவருக்குத்தான் அதிக லாபம் என்பது எனக்கு இரண்டு மாசத்தில் தெரிந்துபோனது. கேட்டவர்கள் மறந்தாலும் சொன்னவர் மறப்பதில்லை.

மூன்று பரிமாணப் படம் என்றால் ஜியோஜீப்ரா என்று ஒரு செயலி, அதுவும் இலவசம். மலை மாதிரி ஒரு பரப்பை வரைந்து விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதே படத்தை நான் கரும்பலகையில் வரைந்தால் அது மலையாகவும் இருக்காது, மடுவாகவும் இருக்காது. நீங்கள் பார்த்திருக்கிறீர்களே.

இதெல்லாம் சரியாகவே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை பெரிய கூத்தாகிவிட்டது. எம்-த்ரீயில் ஃபோரியர் தொடர். நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் வாட்ஸப் குரூப்பில் நான்கு நிமிஷ வாய்ஸ் நோட் போட்டான். எஃப் ஆஃப் எக்ஸ் என்பது எக்ஸ், அது ஒற்றைச் சார்பு, அதனால் ஏ-நாட் பூஜ்யம், ஏ-என் பூஜ்யம், பி-என் மட்டும் கண்டுபிடித்தால் போதும் என்று. எவ்வளவு தெளிவான குரல்! எல்லோரும் அதைக் கேட்டு இன்டர்னலில் எழுதினார்கள். ஆறு பேருக்கும் பூஜ்யம். காரணம், கேள்வியில் இருந்த இடைவெளி பூஜ்யத்திலிருந்து டூ பை வரை. ஒற்றையா இரட்டையா என்று பார்க்கப் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் கோடு இருக்க வேண்டும். இங்கே இடது பக்கமே இல்லை. பூஜ்யத்துக்கு மேலேயே ஓடும் கோட்டுக்குச் சராசரி எப்படிப் பூஜ்யம் ஆகும்?

அந்த வாய்ஸ் நோட்டை நானும் கேட்டிருந்தேன். அரைத்தூக்கத்தில், "நல்லா சொல்றானே" என்று நினைத்துக்கொண்டு. ஆக, தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தப் பையன் இரண்டு வாரம் மாடிப் பக்கம் வரவில்லை. போய்க் கூட்டி வந்தது நம்ம கிரேன் ஃபிட்டர் மகள்தான். அவன் சொன்ன தப்பான தொடரையே ஜியோஜீப்ராவில் வரைந்து காட்டினாள். கோடு பாதி இடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போய் விழுந்தது. கேள்வியில் இருந்த கோட்டையும் அதன் மேலேயே வரைந்தாள். ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லை, அவனே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: யார் வாய்ஸ் நோட் போட்டாலும் இன்னொருத்தர் வீரராஜன் புக்கைத் திறந்து சரிபார்த்து "ஓகே" போட்ட பிறகுதான் மற்றவர்கள் கேட்க வேண்டும். தோழன் சொல்லிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். நம்பிக்கையோடு சொல்லும் தப்பு சளி மாதிரி வீடு வீடாகப் பரவிவிடும்.

இதில் என்ன புதுசு, நம்ம திண்ணைப் பள்ளிக்கூடச் சட்டாம்பிள்ளைதானே என்று தமிழாசிரியராக இருந்த என் தோழி கேட்டார். உண்மைதான். அதைத் தேடிப் போனபோதுதான் எழும்பூர்க் கதை கிடைத்தது. சென்னையில் பிறந்து வளர்ந்தும் எனக்குத் தெரியாமல் போன கதை.

ஆண்ட்ரூ பெல் என்று ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் ஒருவர் 1787ல் மதராஸுக்கு வந்தார். எழும்பூரில் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்காக 1789ல் தொடங்கிய ஆண்கள் அநாதை இல்லத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "மலபார் பள்ளி" என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழை மலபார் என்றுதான் சொல்வார்கள். திரும்பி வந்து தன் இல்லத்திலும் மணலைப் பரப்பி எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முடியாது என்றுவிட்டார்கள். (எங்கள் இனம் அன்றைக்கே அப்படித்தான் போலிருக்கிறது.) பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் மாட்டேன் என்றதை அவன் செய்து காட்டினான். அப்புறம் மற்ற வகுப்புகளும் அப்படியே மாறின. பெல் 1796ல் ஊர் திரும்பி, மறுவருஷம் 1797ல் லண்டனில் இதை ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். அதற்கு "மதராஸ் முறை" என்றே பெயர் வந்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் 1833ல் திறந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

சரியாக 200 வருஷம் கழித்து, 1997ல், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் தோழர் வழிக் கற்பித்தல் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார். இன்றைக்கு இன்ஜினியரிங் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் எடுத்துக்காட்டும் புத்தகம் அது. அவருக்கும் என் கதைதான். நல்ல ஆசிரியர் என்று பெயர். சூத்திரம் போட்டு வரும் கணக்கைப் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள், அடிப்படையை எளிய கேள்வியாகக் கேட்டால் தடுமாறுவார்கள். அவர் எப்படி விளக்கியும் புரியவில்லை. கடைசியில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்று விட்டார். சில நிமிஷத்தில் வகுப்பே தெளிந்துவிட்டது. அதன்பிறகு கேள்வி போடுவது, ஒவ்வொருவரும் முதலில் தனியாகப் பதில் சொல்வது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவது, திரும்பப் பதில் சொல்வது என்று ஒரு முறையாகவே ஆக்கினார். பதில் காட்ட முதலில் அட்டை, பிறகு கையில் பிடிக்கும் மின்பொத்தான், இப்போது போன்.

இதைப் படித்துவிட்டு, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று நெஞ்சை நிமிர்த்த நான் தயாராக இல்லை. அந்தத் திண்ணையில் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்கு இடம் இருந்திருக்காது. இங்கிலாந்துக்குப் போன மதராஸ் முறையும் நல்ல பேரோடு முடியவில்லை. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார், மிச்ச வேலை சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகளுக்கு என்று செலவைக் குறைக்கும் வழியாக அதை ஆக்கிவிட்டார்கள். மனப்பாடம், அதட்டல், வரிசை. இன்றைக்கும் ஆசிரியர் இடங்களைக் காலியாக விட்டுவிட்டு "பிள்ளைகளே சொல்லிக் கொடுத்துக்கொள்ளட்டும், வீடியோ இருக்கிறதே" என்று யாராவது சொன்னால், இந்தக் கிழவி மாடியிலிருந்து இறங்கி வந்து சண்டை போடுவாள்.

இப்போது நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பொண்ணு எம்-ஒன்னை அடுத்த முறையே பாஸ் பண்ணிவிட்டாள். அதன்பிறகும் வந்துகொண்டிருந்தாள், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க. ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் அப்பா பைக்கோடு கேட்டுக்கு வெளியே நிற்பான். மேலே வா என்றால் "கிரீஸ் கை மிஸ்" என்பான். 2019ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கணக்கை முடிக்க நேரமாகிவிட்டது. நான் கீழே இறங்கி அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மறித்துப் பேசும் சத்தம் தெருவரை கேட்டது.

"மிஸ், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுப்பா."

"நான் பதினொண்ணாவது படிக்கும்போது என்னைத் தனி பெஞ்ச்ல ஒக்கார வச்சீங்க. அரைப் பரீட்சைலேந்து முழுப் பரீட்சை வரைக்கும். ஞாபகம் இருக்குதா மிஸ்?"

எனக்கு ஞாபகம் இல்லை. தனி பெஞ்ச் ஞாபகம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். ரீயூனியனுக்கு ரீயூனியன் நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்வது அதைத்தானே. பேசுகிறவனை ஜன்னல் ஓரத்தில் ஒற்றை பெஞ்சில் போட்டுவிட்டால் வகுப்பு அடங்கிவிடும் என்று புதுசாக வந்த ஆசிரியைகளுக்கு நானே பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 1994ல் அதில் உட்கார்ந்த இந்த முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

"அப்போ நான் பேசினது கதை இல்ல மிஸ். கணக்கு. பக்கத்துல இருந்தவனுக்கு முக்கோணவியல் சுத்தமா வராது. நான் சொல்லுவேன். அவனுக்குச் சொன்னாத்தான் எனக்கே வரும். தனியா ஒக்கார வச்சதுக்கப்புறம் எனக்கு எதுவுமே ஏறல. அவன் பாஸாயிட்டான்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்வதுபோல்தான் சொன்னான். அவன் பிளஸ் டூவில் கணக்கில் தோற்றதும், மறுபடி எழுதாமல் ஹார்பருக்கு வேலைக்குப் போனதும் எனக்குத் தெரியும். குடும்பக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். குடும்பக் கஷ்டமும் இருந்தது. பக்கத்தில் இருந்தவன் இன்ஜினியர் ஆகி இப்போது துபாயில் இருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான், முதல் லைக் அவனுடையதாகத்தான் இருக்கும். தம்பி, உன் மேல் தப்பில்லை.

"ஏம்ப்பா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். கேட்டபோதே அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது.

"சொன்னேன் மிஸ். எதிர்த்துப் பேசறியான்னு கேட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதுக்கு இல்ல மிஸ்" என்று பதறிவிட்டான். பொண்ணு இறங்கி வந்ததும் பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. 31 வருஷத்தில் அந்த பெஞ்சில் எத்தனை பேரை உட்கார வைத்திருப்பேன்? அதில் எத்தனை பேர் கதை பேசினவர்கள், எத்தனை பேர் கணக்குப் பேசினவர்கள்? கேட்டுப் பார்க்க எனக்கு வழியில்லை. உங்களில் யாராவது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், கமென்ட்டில் வேண்டாம், எனக்குத் தனியாக எழுதுங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மாடி காலியானது. குரூப் மட்டும் ஓடியது. மூன்று பிள்ளைக்கு ஒரே போன் உள்ள வீடுகள், அம்மா வேலைக்குப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போகும் வீடுகள். அந்த ஆகஸ்ட்டில் அரியர் வைத்தவர்களுக்கு ஆல் பாஸ் என்ற அறிவிப்பும், பிறகு அது கோர்ட்டுக்குப் போனதும் நினைவிருக்கும். எங்கள் குரூப்பில் ஒரு பையன் அந்த அறிவிப்பை நம்பிப் புத்தகத்தையே எடைக்குப் போட்டுவிட்டான். அவன் படிப்பை முடிக்கவில்லை. இப்போது மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். வாரா வாரம் போன் பண்ணியும் அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. மாடி எல்லோரையும் கரை சேர்த்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு ராத்திரியை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 26, நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்துப் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கண் எரிச்சலோடு வீட்டைவிட்டு ஓடின ராத்திரி. புயல் வெள்ளமும் எண்ணெயும் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கணக்கு மட்டுமே வரும் எங்கள் குரூப்பில் பன்னிரண்டரை மணிக்கு "மிஸ், மூச்சு முட்டுது" என்று ஒரு மெசேஜ். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கெமிக்கல் படிக்கும் பொண்ணு ஒருத்தி முந்திக்கொண்டாள். வாய்ஸ் நோட், முப்பது நொடி: "துணியைத் தண்ணில நனைச்சு மூக்கையும் வாயையும் மூடுங்க, அம்மோனியா தண்ணில கரையும். காத்து வர திசைக்குக் குறுக்கால நடங்க, காத்தோட சேர்ந்து ஓடாதீங்க. கண்ணைக் கசக்காதீங்க, தண்ணி விட்டுக் கழுவுங்க." அதன் கீழே, அந்த நேரத்திலும், இன்னொரு பிள்ளை "ஓகே, புக் பார்த்துட்டேன்" என்று போட்டிருந்தது. சட்டத்தை மறக்கவில்லை. அந்த முப்பது நொடியை எத்தனை குரூப்புக்கு அனுப்பினார்கள் என்று தெரியாது. விடியற்காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினாறு பேர் படுத்திருந்தார்கள்.

கிரேன் ஃபிட்டர் மகள் 2021ல் பட்டம் வாங்கி, இப்போது அம்பத்தூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மட்டும் வருவாள். அவள் அப்பாவும் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு வெளியே நிற்பான். மேலே வர மாட்டான்.

மூன்று வாரம் முன்னால், மெக்கானிக்கல் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் கப்பிக் கணக்கில் மாட்டிக்கொண்டான். கொக்கியில் எடை, நான்கு சுற்றுக் கயிறு. கயிற்றின் இழுவிசை ஏன் எடையில் கால் பங்குதான் என்று வீடியோவும் பார்த்தாயிற்று, ஆளுக்கு ஆள் சொல்லியும் பார்த்தாயிற்று. படம் போட்டால் புரிகிறது, படத்தை மூடினால் மறந்துவிடுகிறது. "கீழ எங்கப்பா நிக்கிறாரு, அவரு தினம் அதைத்தான் கழட்டி மாட்றாரு, போய்க் கேளு" என்றாள் இவள். பையன் நோட்டோடு இறங்கினான்.

ஐந்து நிமிஷத்தில் வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. மாடிச் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். தெருவிளக்குக்குக் கீழே, பைக் கேரியரில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து எங்கள் கேட் கம்பியிலும் பைக் ஹேண்டிலிலுமாகச் சுற்றி வைத்துக்கொண்டு, "நாப்பது டன்னு தூக்கணும்னா நாலு ஃபால் போடறோம். நாலு பேரு சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்கினா ஆளுக்கு எவ்ளோ? இப்போ நீ இந்த ஒண்ணைப் பிடி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கை நிறைய கிரீஸ். பையன் எதிர்க்கேள்வி கேட்க, இவன் திரும்ப அவிழ்த்துக் கட்ட, பத்து மணி ஆகிவிட்டது. நான் கூப்பிடவில்லை.

போன ஞாயிறு மூன்று பேர் கீழே இறங்கிப் போனார்கள்.

ஆக, நாத்தனாருக்கும் மற்றவர்களுக்கும் பதில் இதுதான். மாடி சனி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திறக்கும். கட்டணம் கிடையாது. இப்போதைக்கு எம்-த்ரீ பாஸ் பண்ணி ஒரு வருஷத்துக்குள் இருக்கும் ஆள் ஒருத்தர் வேண்டும். முதல் தடவையே பாஸ் பண்ணினவரைவிட இரண்டாவது தடவை பாஸ் பண்ணினவர் கிடைத்தால் நல்லது. யாரிடமாவது பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நம்மிடம் இருப்பது ஒரு பையனின் அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்தது, சார்ஜரைக் கழற்றினால் அணைந்துவிடுகிறது. மழைக்காலம் வருவதால் மாடிக்குத் தகரக் கொட்டகை போட எங்க வீட்டுக்காரர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கு வெளியே ஒரு லைட்டும் போடச் சொல்லியிருக்கிறேன்.